நாள் மாற்றம்

துலுக்கானம் டயாலிசிஸ் மையத்தில் முகவரி வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் இருந்த மென்பொருள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். காவ்யா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த மையத்தில் நோயாளிகளுக்கு நாள் ஒதுக்கும் மென்பொருளை எழுதியவள் அவள்தான்.

“செவ்வாக்கெழமய வெள்ளியா மாத்தச் சொன்னேம்மா. கம்ப்யூட்டரு நடுவுல நின்னுபோச்சு,” என்றார் அவர்.

“தப்பு என்னோடதுங்க ஐயா. பழைய நாளை எடுக்கறது, புது நாளைப் போடறது, ரெண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனா எழுதியிருக்கணும். நடந்தா ரெண்டும் நடக்கணும், இல்லேன்னா ரெண்டுமே நடக்கக் கூடாது. நான் தனித்தனியா எழுதிட்டேன். டயாலிசிஸ் விட்டுப்போச்சா? மூச்சு வாங்குதா?”

“நான் நல்லாத்தான் கீறேன்.”

“இன்னிக்கே உங்களுக்கு ஒரு நாள் வாங்கித் தர்றேன்.”

“நாள் போவலம்மா. செவ்வாயும் கீது, வெள்ளியும் கீது. சென்டர்ல சொன்னா, கூட ஒரு நாள் பண்ணிக்கோ, ஒடம்புக்கு நல்லதுதான்றாங்க. பொன்னியம்மான்னு ஒருத்தங்க, காலு வீங்கிப்போயி, செவ்வாக்கெழமைக்கு மூணு வாரமா வந்து கேட்டுகினு கீறாங்க. எடமில்லன்னு திருப்பி அனுப்பறாங்க. என் பேர எடுத்துடும்மா.”

காவ்யா அவருடைய செவ்வாய்க்கிழமையை ரத்து செய்தாள். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பெயர் அந்த இடத்துக்கு வந்தது.

துலுக்கானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் பொன்னியம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் எழுந்தார்.