ஒரு பக்கம் மட்டும்

திரையில் இரண்டு வட்டங்கள்.

ஒன்றின் பக்கத்தில் பெற்றோர் என்றிருந்தது. இன்னொன்றின் பக்கத்தில் கணவரின் பெற்றோர்.

ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணைந்துவிடுகிறது. காலையிலிருந்து அவள் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். ஏதாவது ஒரு பக்கத்துப் பெரியவர்களைத்தான் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. இதை எந்த மகராசன் யோசித்து வைத்தானோ, அவன் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருப்பான்.

சமையலறையில் மாமியார் தோசை வார்க்கும் சத்தம் கேட்டது.

மாமியாருக்குக் காலில் புண் வந்து மூன்று மாதமாகிறது. சர்க்கரைப் புண். ஆறுவேனா என்கிறது. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் பேத்திக்குப் பின்னால் தட்டும் கையுமாக அலைகிறார்.

அந்தப் பக்கம் அப்பா.

அருப்புக்கோட்டையில் அவரும் அம்மாவும் மட்டும். பொங்கலுக்குப் போயிருந்தபோது, வாசலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டதற்கு, கறையான் இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார்.

அரசாங்கக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று அப்போதே போய் விசாரித்தாள். கடை வாடகை வருகிறதே, வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஏழையாக இருக்கவும் அப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. வெளியே தனியாக எடுக்கலாம்தான். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். நோய் பொறுக்குமா என்று அவர்கள் சொல்லவில்லை.

கணவனிடம் கேட்டாள்.

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டான். அந்த இரண்டு சொல்லைத்தான் அவள் இவ்வளவு நேரமும் தூக்கிச் சுமக்கிறாள்.

மாமியாருக்கும் விஷயம் தெரியும். கரண்டியோடு வந்து கதவோரம் நின்றார்.

"உங்க அப்பா அம்மா பேரையே போடும்மா. எங்களுக்கென்ன, நல்லாத்தான இருக்கோம்."

சொல்லும்போது புண் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. யாராவது ஒருவர் சண்டை போட்டிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மதியம் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பா பக்கத்து வட்டத்தைத் தொட்டாள். பிறந்த தேதி கேட்க ஊருக்குப் போன் போட்டாள்.

அப்பாதான் எடுத்தார். பேச ஆரம்பிக்கவே நேரமானது. மூச்சு வாங்கியது.

"என்னப்பா?"

"மாடியில துணி எடுக்கப் போனேன். ஏறி இறங்குனது. வேற ஒண்ணுமில்ல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பக்கம்தான் என்பதை, கடைசி நாள் என்பதை, பிறகு மாற்ற முடியாது என்பதை.

அவர் சிரித்தார்.

"நல்ல ஆளும்மா நீ. மேகலா போன மாசமே எங்க ரெண்டு பேரையும் அவ ஆபீஸ்ல சேத்துட்டா. கார்டுகூட வந்துருச்சு. நீ உங்க அத்த மாமா பேரப் போடு. அதான் மொற."

மேகலா அவள் தங்கை. கோயம்புத்தூரில் வேலை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கொடுத்த எதையும் அப்பா சும்மா வாங்கியதில்லை. தீபாவளி வேட்டியைக்கூட, உங்க மாமாவுக்கு எடுத்தியா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். அவர் வேறென்ன சொல்வார் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் கார்டு வந்துவிட்டது என்கிறாரே. அவளுக்கு அதை நம்ப வேண்டியிருந்தது. நம்பினாள்.

இரண்டாவது வட்டம்.

மாமனார் பெயர். மாமியார் பெயர். பிறந்த தேதிகள்.

உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்றாள்.

மாமியாரிடம் சொன்னாள். அவர் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். அதில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குடித்துக்கொண்டே தங்கைக்குத் தேங்க்ஸ் என்று ஒரு செய்தி அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது.

"எதுக்குக்கா தேங்க்ஸ்? நான் எங்க மாமனார் மாமியாரத்தான போட்டேன். நீதான் நம்ம அப்பாம்மாவச் சேத்துட்டேன்னு அப்பா சொன்னாரே."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

திரையில் இரண்டு வட்டங்களும் சாம்பல் நிறமாகியிருந்தன. தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். அது கண்டுகொள்ளவே இல்லை.

அப்போதுதான் அந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது. பிறந்து வளர்ந்த வீடு. ஓட்டு வீடு. துணி காய்வது கொல்லையில், கொய்யா மரத்தில் கட்டிய கொடியில்.

அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"நம்ம வீட்ல ஏதுப்பா மாடி?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள்.

"அவங்க பேரு ஏறிருச்சுல்ல?" என்றார் மெதுவாக.

"ம்."

"இனிமே மாத்த முடியாதுல்ல?"

"முடியாதுப்பா."

"அப்பச் சரி," என்றார்.

பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை வாங்க ஆரம்பித்தார்.