ஹலிஜா கேட்ட தண்டனை

தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்கும்படி ரிசுவான் போட்டிருந்த மனு, புத்ராஜெயா நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அவன் கொலை செய்த ஃபாதிலின் தாய் ஹலிஜாவிடம் நீதிபதி கருத்துக் கேட்டார்.

“தூக்குல போட வேணாம் ஐயா. உயிரோட இருக்கட்டும்.”

பின்வரிசையில் இருந்த மூத்த மகன் கைருல் விருட்டென்று எழுந்து வெளியே போனான்.

தண்டனை ஆயுளாகக் குறைந்தது. வாசலில் கைருல் தாயை மறித்தான். “தம்பியை மறந்துட்டீங்களாம்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் ரிசுவானின் தாய் சௌதா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். “எம் மகனை மன்னிச்சிட்டீங்களே அக்கா. இந்த மனசு யாருக்கு வரும்?”

“நான் எங்க மன்னிச்சேன்?” ஹலிஜா கையை விடுவித்துக்கொண்டாள். “பெருநாளைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்ல இறந்தவங்க கபர்ல போய் யாசீன் ஓதுறாங்க. எனக்குப் போக இடமில்ல. எம் பிள்ளையை எங்க புதைச்சான்னு உங்க மகனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் செத்துட்டா நான் யாரைக் கேக்குறது?”

கைருல் தலை குனிந்துகொண்டான்.

சௌதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அடுத்த மாசம் ஜெயிலுக்குப் போறப்ப நீங்களும் வாங்கக்கா. நானும் ஒவ்வொரு தடவையும் கேக்குறேன். வாயே திறக்க மாட்டேங்கிறான்.”