தூங்குகிறவளுக்கு மாலை

சுவரில் என் வாய் ஒரு சன்னல் அளவுக்குத் திறந்திருந்தது.

பழைய குடோன் சுவரை மேலிருந்து கீழ்வரை மறைத்துத் தொங்கியது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். அதில் நான் சுக்குச் சாக்கின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாத்தனார் பிரசவத்துக்குப் பொன்னானி போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். என்னோடு சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள் காலையிலிருந்தே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதற்கென்று வேலை விட்டு வரும்போதுதான் தெரிந்தது.

இடப்பள்ளியில் கொத்து வேலை பார்க்கிற என் அண்ணன் வீரபாண்டி இதைப் பார்த்தால் போதும். யூசுப்பைக் கட்டிக்கிட்டவள் கடைசியில் நடுரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். என் கல்யாணத்தன்று, எனக்கு அவ செத்துட்டா என்று சொல்லித் தலைமுழுகினவன் அவன். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவான். நானும் கூப்பிட்டதில்லை.

அவன் கண்ணில் படுவதற்குள் இது கீழே இறங்க வேண்டும்.

ஊரில் படக் கண்காட்சி நடத்துகிறவர்கள் தன்யா என்ற பெண்ணைப் படத்துக்குக் காவலாக நிறுத்தியிருந்தார்கள். பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"முழிச்சிருக்கறவ வேண்டாம்னா மூஞ்சியத் திருப்பிக்குவா. தூங்குறவ என்னம்மா செய்வா?"

அவளுக்கு முகம் சிறுத்துவிட்டது. "ரோட்டுல நின்னு எடுத்ததுக்கு நியமப்படி அனுமதி வேண்டாம்னுதான் படம் எடுத்தவா சொல்றா, சேச்சி. பட்சே நீங்க கேக்கறது சரியாக்கும். சொல்லுங்கோ, இப்பவே இறக்கிடறோம்."

கயிற்றை அவிழ்க்க இரண்டு ஆட்களையும் கூப்பிட்டுவிட்டாள். என் ஒரு வார்த்தைக்காக அவர்கள் நின்றார்கள்.

சொல்வதற்குமுன் கடைசியாக ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

உடைந்த ஓட்டு வழியாக விழுந்த வெயில் என் நெற்றியில் இருந்தது. புருவத்தில் சுக்குத் தூசி. விடிந்தால் அடைந்தால் யாரையாவது ஏசிக்கொண்டிருக்கிற இந்த மூஞ்சியில் கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை.

யார் யாரோ நான் தூங்கிப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்ததில்லை. யூசுப்கூட இத்தனை வருஷத்தில் என் குறட்டையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இப்படி இருப்பேன் என்று சொன்னதே இல்லை.

அப்புறம்தான் படத்தின் அடியைப் பார்த்தேன்.

கயிற்று முடிச்சில் ஒரு ரோஜா மாலை. தரையில் சூடம் எரிந்த கரி. வாழையிலைத் துண்டில் கருப்பட்டி மிட்டாய்.

கூட வேலை செய்கிறவர்கள்தான் கேலிக்குச் செய்தார்கள் என்று நினைத்தேன். இல்லை என்றாள் தன்யா. யாரோ ஒரு சேட்டன் தினமும் சாயங்காலம் வருகிறாராம். முதல் நாள் சுக்கு குடோன் வாசல்வரை போய், பெண்கள் உட்காருகிற இடத்தை எட்டிப் பார்த்தாராம். யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பி வந்தாராம். மறுநாளிலிருந்து மாலையாம்.

"அதோ, அவர்தான்," என்றாள்.

சட்டையெல்லாம் சிமெண்டோடு வந்தது என் அண்ணன்.

தலையை மொட்டை அடித்திருந்தான். எங்கள் பக்கம் தங்கச்சிக்கு யாரும் மொட்டை போடுவதில்லை.

எங்கள் ஊரில் கண் மூடிய ஒரு முகத்தை இவ்வளவு பெரிதாகச் சுவரில் ஏற்றினால், அதற்கு ஒரே அர்த்தம்தான். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது மலையாளமும் இங்கிலீஷும். அண்ணனுக்கு இரண்டும் வாசிக்க வராது. நான் பொன்னானியில் இருந்ததால் குடோனில் என் இடமும் காலியாகக் கிடந்திருக்கும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் யூசுப் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் நான் எந்தக் குடோனில் எந்த மூலையில் உட்காருகிறேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியும் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

தலையில் முக்காடு போட்டிருந்த என்னை அவன் கவனிக்கவில்லை. பழைய மிட்டாயை எடுத்துவிட்டுப் புது மிட்டாய் வைத்தான். சின்ன வயதில் என் கையிலிருந்து தினமும் பிடுங்கித் தின்ற அதே மிட்டாய். சூடத்தை ஏற்றினான். கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏ பேச்சி, நான் வாயாலதான சொன்னேன்," என்றான்.

கயிற்றுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். இறக்க வேண்டாம் என்று கை காட்டினேன்.

அவன் எதிரே போய், என் படத்துக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இலையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்தேன். மொறுமொறு என்று நல்ல சத்தம் வந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். முதலில் மேலே பார்த்தான். பிறகு கீழே.

"மொட்டை உனக்கு நல்லால்லண்ணே," என்றேன்.

அவன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டான். சிமெண்டுக் கை சொரசொரவென்று இருந்தது. சத்தம் போட்டு அழுதான், நானும்தான். கூட்டம் கூடிவிட்டது.

தன்யா படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். தூக்கியவள் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள்.

வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களிடமும் போனை இறக்கச் சொன்னாள்.