போன வருஷப் பாட்டு

பள்ளி ஆண்டு விழா மேடையில் வாயசைத்தது டாக்டர் வீட்டுப் பெண். நல்ல வெள்ளைவெளேர் நிறம். ஆனால் வந்தது தன் மகள் வண்டுவின் குரல் என்று பெயிண்டருக்கு முதல் வரியிலேயே தெரிந்துபோயிற்று. இழுத்துப் பாடுகிற இடத்தில் அந்தக் கரகரப்பு வேறு யாருக்கு வரும்?

வண்டு என்று பேர் வைத்தவரே அவர்தான். பிறந்ததிலிருந்து ரீங்காரம்தான். ஊர்தான் அதை நிறத்துக்கு என்று எடுத்துக்கொண்டது.

பாட்டும் அவருடைய ஜனங்களுடையது. சாரத்தில் நின்று சுவருக்கு வெள்ளையடிக்கும்போது பாடுவது.

முன்வரிசை அம்மாள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "அந்தக் கறுப்பு ஜனங்க பாடினா காதைப் பொத்திக்கத் தோணும். அதே பாட்டு இந்தப் பொண்ணு வாயில எப்படி இனிக்குது பாரேன்!"

பாட்டு முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. பெயிண்டர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் ஓடினார்.

திரை மறைவில், கையில் மைக்கோடு வண்டு. பக்கத்தில் பாட்டு டீச்சர்.

"என்ன டீச்சர் இது, பட்டப்பகல் கொள்ளை?"

"கொஞ்சம் மெதுவா... கத்தாதீங்க."

"நாங்க பேசினாலும் கத்தல், பாடினாலும் கத்தல். குரல் இனிக்குது, மூஞ்சி மட்டும் கசக்குதோ?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வண்டு அவளையே பார்த்தாள். டீச்சர் தலை குனிந்துகொண்டாள்.

"என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"பெரிய வீட்டுக்குக் கூழைக்கும்பிடு போட எம் புள்ளதான் கிடைச்சாளா? இனி உங்க பாட்டும் வேணாம், சங்காத்தமும் வேணாம். வாடி!"

தரதரவென்று வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே 'ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்' என்று கூச்சல். வண்டு நின்றுவிட்டாள். திரும்பி, அதையே காது குளிரக் கேட்டாள்.

"டீச்சரைத் திட்டாதப்பா. அவங்க வேண்டவே வேண்டாம்னாங்க. நான்தான் திரைக்குப் பின்னால நின்னு பாடுறேன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்."

"ஏன்டி? எதுக்குடி?"

"போன வருஷம் இதே பாட்டை நான் முன்னால நின்னு பாடினேன்ல..." என்றாள் வண்டு. "நீ மட்டும்தானேப்பா கை தட்டினே."