சிவப்புக் கட்டத்தில் ஓர் ‘ஓ’

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்து வந்த கணவன் சுகுமாரன் சோர்ந்து படுத்திருந்தான். புஷ்பவள்ளி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: “இவருக்கு ஒரு கிட்னி கிடைச்சாப் பொழைச்சுக்குவாரு. யாராவது உதவுங்க.”

கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. நிலத் தகராறில் மூன்று வருடமாகப் பேசாத கொழுந்தன் மதியழகன், சுங்கை பெசாரிலிருந்து சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு ‘O’ மட்டும் போட்டான்.

“முட்டை போட்டுக் காட்டுறான் பாருங்க லா! உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுங்கிறான்.”

கணவன் தடுப்பதற்குள் மதியழகனைக் குழுவிலிருந்து நீக்கி, நம்பரையும் பிளாக் செய்தாள்.

எட்டு மாதம் கழித்து, சுகுமாரனின் கருமாதிக்கு மதியழகன் வந்தான்.

“சாகக் கிடந்த மனுசனுக்கு முட்டை போட எப்படித் தம்பி மனசு வந்திச்சு?”

அவன் திகைத்தான்.

“முட்டையா? என் ரத்தம் ஓ குரூப், அண்ணி. ஓ குரூப்புக்காரன் யாருக்கும் கிட்னி குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இத்தனை வருசம் பேசாம இருந்திட்டு என்ன எழுதுறதுன்னு தெரியல, போன்ல இருந்த அந்த ஓ குரூப் படத்தைப் போட்டேன். உடனே தூக்கிட்டீங்க. போன் அடிச்சேன், போகல. என்கிட்ட வாங்க உங்களுக்குப் பிடிக்கலன்னு ஒதுங்கிட்டேன்.”

பந்தலில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இருவருமே எழுந்திருக்கவில்லை.