சம்பந்தியோடு நாலு வார்த்தை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பேருந்து ஓட்டும் சிவகுருநாதன் மூன்று வாரமாகச் செபுவானோ மொழி படித்துக்கொண்டிருந்தார். மகன் கவிஷன் கட்டப்போகும் மரிசெல், பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து இங்கே வந்தவள். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு எல்லோரும் அங்கே போகிறார்கள்.

"சலாமத் எண்டால் நன்றி. பலிஹுக் எண்டால் தயவுசெய்து," என்று சமையலறையில் நின்று உருப்போட்டார்.

"இஞ்சரப்பா, இந்த வயசிலை உங்களுக்கு ஏன் இது?" என்றாள் மனைவி குமுதினி.

"அவையின்ர மொழியிலை நாலு வார்த்தை கதைக்காட்டி என்ன மரியாதை? மொழி தெரியாமல் என்னெண்டு சொந்தம் கொண்டாடுறது?"

ஞாயிறு காலை வீடியோவில் பேச ஏற்பாடு. கவிஷனும் மரிசெலும் சோபாவில் அருகருகே உட்கார்ந்தார்கள். திரையில் மரிசெலின் தாய் தெரிந்ததும் சிவகுருநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

"மாயோங் பூந்தாக்!"

"அது காலை வணக்கம். அங்கை இப்ப பின்னேரமப்பா," என்று குமுதினி கிசுகிசுத்தாள்.

"மாயோங் ஹாபோன்!" என்று அவசரமாகத் திருத்தினார்.

அந்த அம்மா சிரித்தபடி கைகூப்பினார். கையிலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து, தமிழில் வாசித்தார்: "வணக்கம் சம்பந்தி. சுகமாய் இருக்கிறீங்களோ? என்ர பிள்ளையை உங்கட மகளாய்ப் பாருங்கோ."

சிவகுருநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியோடா?" என்று பெருமையோடு மகனைப் பார்த்தார்.

கவிஷன் விழித்தான். மரிசெலின் பக்கம் சரிந்து, "உன் அம்மா என்ன சொன்னார்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டான்.

குமுதினியிடம் ஆறு மாதம் தமிழ் படித்திருந்த மரிசெல், ஒவ்வொரு சொல்லாக அவனுக்கு விளங்கப்படுத்தினாள்.