தொடராத படத்தின் நாயகன்

இளமையில் தாமோதரன் ஒரு டிவி படத்தில் சூப்பர் ஹீரோவாக நடித்திருந்தார். அது தொடராக வளரும் என்றார்கள், வளரவில்லை. இப்போது அவரவர் வீட்டு டிவியே, பார்ப்பவரின் ரசனைக்கேற்ப அந்தக் கதையை வளர்த்துக் காட்டுகிறது, அவருடைய முகத்தோடும் குரலோடும்.

எதிர்வீட்டு ஹேமலதா அதைத் தினமும் பார்ப்பவள். கொஞ்ச நாளாக அவர் நிற்கும் லிஃப்டில் அவள் ஏறுவதில்லை. நேற்று அவர் மனைவி வசுமதியிடம், “அக்கா, வீட்ல அவர் உங்கள நல்லா வச்சிருக்காரா?” என்று கேட்டாளாம். வசுமதி சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள்.

தாமோதரன் எதிர்வீட்டு மணியை அடித்தார். ஹேமலதா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

“உங்க டிவியில நான் என்னம்மா பண்றேன்?”

“பொண்டாட்டிய மாடியிலேருந்து தள்ளிவிடறீங்க சார். அப்புறம் ஊர் பாக்கப் பறந்து வந்து, காப்பாத்தற மாதிரி நடிக்கறீங்க.”

“அது நான் இல்லம்மா. டிவி பண்ற வேலை.”

“தெரியும் சார். என்கூட உக்காந்து பார்த்தப்ப அக்காவும் அதான் சொன்னாங்க.”

அவர் திரும்பி வந்தபோது வசுமதி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உதவலாம் என்று அருகே போனார். அவள் கையிலிருந்த சேலையை வாளியிலேயே போட்டுவிட்டு, பால்கனித் தடுப்புக் கம்பியை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.